போர்ட் ஃபார்வர்டிங்கா, டெயில்ஸ்கேலா? வீட்டு டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க எது தேவலாம்

வீட்டு கேமராக்களின் பதிவுப் பெட்டியான டிவிஆரையும், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஓடும் இம்மிச் போட்டோ சர்வரையும் வெளியூரில் இருக்கும்போது பார்க்க வேண்டும். இதுதான் என் தேவை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடுவது) போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டினேன். இப்போது நம் கருவிகளை மட்டும் ஒரு தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவைக்கு மாறிவிட்டேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பது பெரிய வேலையே இல்லை. டிவிஆருக்கு மாறாத ஒரு உள் ஐபியை ஒதுக்க வேண்டும். ரவுட்டரின் 192.168.1.1 பக்கத்தில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ அல்லது ‘வர்ச்சுவல் சர்வர்’ என்று இருக்கும் இடத்தில் வெளி போர்ட், உள் ஐபி, உள் போர்ட் மூன்றையும் போட்டுச் சேமித்தால் முடிந்தது. சோதிக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வெளி ஐபிக்குப் போய்த் திரும்புவதைப் பல ரவுட்டர்கள் அனுமதிக்காது.

ஆனால் இது வேலை செய்ய உங்களுக்கென்று ஒரு பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய இணைய முகவரி) வேண்டும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் இணைப்புக்கு என்ன ஐபி காட்டுகிறது என்று பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன, அதுதான் சிஜிநாட். அதற்கென்றே 2012-இல் இந்த எண்வரிசையை ஒதுக்கினார்கள். அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை, மாறும் ஐபியை ஒரு பெயரோடு கட்டிவைக்கும் டிடிஎன்எஸ்ஸும் உதவாது. ஸ்டேட்டிக் ஐபி தனியாக வாங்க வேண்டும். நானும் காசு கட்டித்தான் வாங்கினேன்.

சரி, பொது ஐபி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கப்புறமும் என்னை மாற வைத்தது பராமரிப்பு. போர்ட்டைத் திறந்தால் அது உங்களுக்கு மட்டும் திறப்பதில்லை. ஐபிவி4 முகவரிகள் முழுவதையும் ஏதோ ஒரு ஸ்கேனர் ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ராஸ்பெர்ரி பைக்குள் தூரத்திலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்ஹெச் போர்ட் திறந்திருந்த நாட்களில் அதன் லாக் ஃபைலைத் திறந்தால் ரூட், அட்மின், உபுண்டு, டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி நுழையப் பார்த்த வரிகள்தான் பக்கம் பக்கமாக இருக்கும். போர்ட் எண்ணை 80-இலிருந்து 8099-க்கு மாற்றினால் சத்தம் குறையும், ஆபத்து குறையாது.

ராஸ்பெர்ரி பைக்காவது அப்டேட் ஒழுங்காக வருகிறது. டிவிஆர் கதை வேறு. ஒருமுறை ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனால், அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை யாரும் தொடுவதில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கேமராக்களுக்குள்ளும் டிவிஆர்களுக்குள்ளும்தான் புகுந்தது. கம்பெனி வைத்த பழைய யூசர்நேம், பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றே அதற்குப் போதுமானதாக இருந்தது. அப்படிச் சிக்கிய கருவிகளின் படையை வைத்து அக்டோபரில் டைன் (Dyn) நிறுவனத்தின், தளப் பெயரை ஐபியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா? 2021 செப்டம்பரில் வெளியான ஹிக்விஷன் கேமரா ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அதன் தீவிர மதிப்பீடு 10-க்கு 9.8. போர்ட்டைத் திறந்து வைப்பவர் இந்த மாதிரிச் செய்திகளைத் தொடர்ந்து கவனித்து, அன்றைக்கே ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். வேலை, குடும்பம் என்று இருக்கிற யாராலும் இதை வருடக்கணக்கில் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டெயில்ஸ்கேலில் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். வீட்டிலுள்ள கருவியும் கையிலுள்ள போனும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்கின்றன. நடுவில் போவதெல்லாம் வயர்கார்ட் என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். சிஜிநாட் இருந்தாலும் வேலை செய்யும். டிவிஆரில் எதையும் நிறுவ முடியாதே என்றால், ராஸ்பெர்ரி பையை ‘சப்நெட் ரவுட்டர்’ (வீட்டு வலை முழுவதற்கும் வாசல்) ஆக்கி 192.168.1.0/24 என்ற வீட்டு ஐபி வரிசையை அறிவித்தால் போதும். வெளியூரிலும் டிவிஆரின் அதே உள் ஐபியைத் தட்டலாம். தங்கும் இடத்து வைஃபையும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் இரண்டும் மோதும். அதனால் வீட்டு வரிசையை 192.168.57 மாதிரி மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: இயல்பாக 180 நாளில் கருவியின் சாவி காலாவதியாகும். ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்காவிட்டால் ஏதோ ஒரு நாள், நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் துண்டித்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. பார்க்க வேண்டிய ஒவ்வொரு போனிலும் ஆப் போட்டாக வேண்டும். நேரடி இணைப்பு அமையாவிட்டால் இடையில் நிற்கும் ரிலே சர்வர் வழியாகப் போகும், வீடியோ திக்கும். முகவரிகளை ஒருங்கிணைக்கும் சர்வர் இன்னொரு கம்பெனியுடையது. அதையும் நாமே நடத்த ஹெட்ஸ்கேல் இருக்கிறது, ஆனால் நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

இன்னொரு வழி கிளவுட்ஃபிளேர் டனல், நம் சர்வரை அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாக வெளியே காட்டுவது. அது சொந்த டொமைன் வைத்திருந்து, ஒரு இணையதளத்தை எல்லோருக்கும் காட்ட நினைப்பவர்களுக்கு அருமையானது. இலவசத் திட்டத்தில் ஒரு தடவைக்கு 100 எம்பிக்கு மேல் அப்லோடு போகாது என்பதால் இம்மிச்சில் பெரிய வீடியோக்கள் ஏறுவதில் சிக்கல். போக்குவரத்து அவர்கள் சர்வரில் பூட்டு திறக்கப்பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. வீட்டு கேமராவுக்கு நான் அதை வைக்க மாட்டேன்.

நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துகிறவர் 25565-ஐத் திறப்பதில் தவறில்லை, வருகிறவர் ஒவ்வொருவரையும் ஆப் போடச் சொல்ல முடியாது. பொது ஐபி இருந்து, பிற கம்பெனியை நம்ப விருப்பமில்லை என்றால் 51820 யுடிபி ஒன்றை மட்டும் திறந்து வயர்கார்டை நீங்களே ஓட்டலாம். தெரியாத சாவிக்கு அது பதிலே சொல்லாது. அடுத்த தலைமுறை முகவரி முறையான ஐபிவி6 வழியாகத் திறப்பதும் சாத்தியம்தான், என் பழைய டிவிஆருக்கு ஐபிவி6 தெரியாததால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

எதற்கு மாறினாலும் ரவுட்டரில் பழைய விதிகளை நீக்கிவிடுங்கள். யுபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் டிவிஆர் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே திறந்துகொள்ளும்.