கியர்பாக்ஸை இறக்காமலே ஓவர்ஹால் பில்: பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் பழைய ஜீப் செரோக்கி 4.0 ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைக் கராஜில் விடுங்கள். சாட்ஸ்வொர்த்தில் ஓர் அண்ணனிடம் கியர்பாக்ஸ் ஓவர்ஹால் என்று சொல்லி 18,500 ராண்ட் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கியர்பாக்ஸ் வண்டியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கராஜின் பெயரைப் போடவில்லை. அந்தப் பொய்யை எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள், உண்மையில் கெட்டுப்போன சாமான் எது, அதை வீட்டிலேயே எப்படி மாற்றுவது என்பதுதான் விஷயம்.

வண்டியில் இருந்த கோளாறு இவ்வளவுதான்: ஐட்லிங்கில் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்துக்கொண்டு டிரைவில் போட்டால் சத்தத்தின் தாளம் மாறும். கியர் ஒழுங்காக விழுந்தது, வழுக்கல் இல்லை, எண்ணெயில் கருகல் வாடை இல்லை. ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில்கூட இழுவை குறையவில்லை. கராஜ்காரர் முதலில் "பிக்-எண்ட் போச்சு" என்றார், அதாவது எஞ்சினுக்குள் பிஸ்டன் தண்டின் அடி பேரிங். மறுநாள் "இல்லை அண்ணா, கியர்பாக்ஸ்தான் முடிஞ்சது" என்றார். ஒரே சத்தத்துக்கு இரண்டு நாளில் இரண்டு வியாதி சொன்னால், ஆள் எதையும் திறந்து பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பில்லில் கிளட்ச் பிளேட் செட், சீல் செட், ரியர் மெயின் சீல், எண்ணெய், கூலி என்று வரிவரியாக எழுதியிருந்தது. வண்டி திரும்பி வந்தபோது சத்தம் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "புதுப் பிளேட், செட்டாக நாளாகும்" என்று பதில். கிளட்ச் பிளேட் செட்டாவதற்கும் அடியில் இரும்பு தட்டுவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பிறகு வீட்டு முற்றத்தில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது பொய் மூன்று இடத்தில் வெளிப்பட்டது. முதலாவது, கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் உச்சியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகள். இந்த மாடலில் அவற்றின் தலை சாதாரண ஆறுமூலை இல்லை, நட்சத்திர வடிவம். இ12 என்ற தனி சாக்கெட் வேண்டும். அந்த இரண்டையும் கழற்றாமல் கியர்பாக்ஸ் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராது. அவற்றின் தலையில் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் சேர்ந்து காய்ந்து, நட்சத்திரத்தின் பள்ளமே தெரியாமல் மூடியிருந்தது. சாக்கெட் பட்ட பளபளப்பு எங்கேயும் இல்லை.

இரண்டாவது, ரியர் மெயின் சீல், அதாவது எஞ்சினின் பின்முனையில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம். கியர்பாக்ஸ் இறங்கியதால் கையோடு சீலையும் மாற்றிவிட்டோம் என்பது பல கராஜ்களில் கேட்கிற வசனம். பல எஞ்சின்களுக்கு அது பொருந்தவும் செய்யும். 4.0 எஞ்சினுக்குப் பொருந்தாது. இதன் சீல் இரண்டு துண்டு. சம்பை (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) இறக்கி, பின்பக்க மெயின் பேரிங் கேப்பைக் கழற்றித்தான் மாற்ற முடியும். அதற்குக் கியர்பாக்ஸ் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வண்டியில் சம்ப் கேஸ்கட் பழையது, போல்ட்டுகளின் மேல் தூசி கலையாமல் கிடந்தது.

மூன்றாவது, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் இருந்த எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கீழ்ப்பேனை (அடி எண்ணெய்த் தட்டு) திறந்து விட்டால் மொத்த எண்ணெயில் பாதிதான் வரும். மீதி கன்வர்ட்டரிலும் கூலர் லைனிலும் தங்கிவிடும். பேனில் இருந்தது புத்தம்புதுச் சிவப்பு. பிறகு கியர்பாக்ஸை இறக்கிக் கன்வர்ட்டரைக் கவிழ்த்தபோது வந்தது கரும்பழுப்பு. ஓவர்ஹால் செய்த பெட்டியில் இப்படி இருக்க வழியில்லை. ஆக 18,500 ராண்டுக்கு நடந்த வேலை ஒரு பேன் எண்ணெய் மாற்றம்.

உண்மையான குற்றவாளி ஃப்ளெக்ஸ்பிளேட். எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் பின்முனையையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் வட்டத் தகடு அது. பெரிய தோசைக்கல் அளவு, அதைவிட மெல்லிசு. விளிம்பில் ஸ்டார்ட்டர் கடிக்கும் ரிங் கியர். கிராங்கோடு ஆறு போல்ட்டு, கன்வர்ட்டரோடு நாலு போல்ட்டு. சூட்டில் கன்வர்ட்டர் உப்பி முன்னும் பின்னும் அசைவதற்கு இடம்கொடுத்து வளைய வேண்டும் என்பதால்தான் மெல்லிசாகச் செய்கிறார்கள். கன்வர்ட்டர் போல்ட்டு தளர்ந்தாலோ, எஞ்சினையும் பெல் ஹவுசிங்கையும் நேர்ப்படுத்தும் டோவல் பின் இல்லாமல் யாராவது மாட்டியிருந்தாலோ, தகடு ஒவ்வொரு சுற்றிலும் ஒருபக்கமாக மடங்கும். அப்போது ஆறு துளைகளைச் சுற்றி விரிசல் ஓடும். இந்த வண்டியில் ஒரு கன்வர்ட்டர் போல்ட்டு கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது; ஆறு துளைகளில் நாலைச் சுற்றி விரிசல் வளையமாகப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் நடுத்துண்டு தனியே கழன்று, எஞ்சின் ஓட வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

எதையும் இறக்காமல் இதைச் சோதிக்கலாம். எஞ்சின் ஓடும்போது ஆறு இன்ஜெக்டர் பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். பிக்-எண்ட் சத்தமானால் அந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் தெளிவாக அமுங்கும். ஃப்ளெக்ஸ்பிளேட் சத்தம் அப்படி ஒரு சிலிண்டரோடு ஒட்டிப் போகாது. அடுத்து எஞ்சினை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பெல் ஹவுசிங்கின் அடித்தகட்டை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டுச் சுற்றுங்கள். நாலு கன்வர்ட்டர் போல்ட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தகட்டின் நடுவைப் பாருங்கள். விரிசல் உராயும் இடத்தில் துரு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருக்கும். சில சமயம் போல்ட்டை இறுக்கியதோடு சத்தம் நின்றுவிடும். அப்போதும் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

தகட்டை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கவேண்டும். அது ஒருவர் வேலையல்ல. ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு (சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) சேர்ந்தால் எடை நூறு கிலோவை நெருங்கும். சாதாரண ட்ராலி ஜாக்கில் வைத்தால் உருண்டு விழும். கருவி வாடகைக் கடையில் சங்கிலி உள்ள கியர்பாக்ஸ் ஜாக் எடுங்கள். வண்டி நாலு ஸ்டாண்டில், சிமெண்ட் தரையில் நிற்கவேண்டும். பெல் ஹவுசிங் நிமிர்ந்த நிலையில் சட்டத்துக்கு அடியில் வெளியே வரும் உயரம் தேவை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

பேட்டரி, எண்ணெய் வடிப்பு, இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டு (பெயிண்டில் குறி போட்டுக் கழற்றினால் அதே நிலையில் மாட்டலாம்), ஸ்டார்ட்டர், கூலர் லைன், கியர் கம்பி, த்ராட்டில் கேபிள், மின் பிளக்குகள், எண்ணெய் அளவுக்கோல் குழாய்: இதெல்லாம் பொறுமை இருந்தால் முடியும் வேலை. கவனம் வேண்டியது கிராங்க் சென்சாரில். எஞ்சினுக்குப் பின்னால் இடது பக்கம், பெல் ஹவுசிங்கின் மேலே இருக்கிறது. கியர்பாக்ஸை அசைக்கும் முன் அதைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். மறந்தால் நுனி நசுங்கும், பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாது, காரணம் தேடிப் பொழுது போகும்.

உச்சி போல்ட்டுகளுக்கு மேலிருந்து கை நுழையாது. சம்புக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கால் எஞ்சினைத் தாங்குங்கள். குறுக்குச் சட்டத்தை எடுத்துக் கியர்பாக்ஸின் பின்பக்கத்தை மெதுவாகத் தாழ்த்துங்கள். தாழ்த்தும்போது முன்னால் ஃபேன் கவசத்தில் இடிக்கிறதா, ரேடியேட்டர் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். பிறகு நீளமான எக்ஸ்டென்ஷன்களைக் கோத்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மேலாகப் பின்னாலிருந்து இ12 சாக்கெட்டை அனுப்பலாம். முந்தின நாள் இரவே துரு எண்ணெய் அடித்து விடுங்கள். டர்பன் கடற்காற்றில் டோவல் பின்னும் ஹவுசிங்கோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பி அலுமினியத்தை உடைக்காதீர்கள், இருபுறமும் மாற்றி மாற்றி மெல்லத் தளர்த்துங்கள்.

நாலு கன்வர்ட்டர் போல்ட்டையும் முதலில் எடுத்திருக்க வேண்டும். கன்வர்ட்டர் கியர்பாக்ஸோடு சேர்ந்தேதான் வரவேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டில் தொங்க விட்டால் பம்பின் சீல் கிழியும். ஹவுசிங் விலகியதும் குறுக்கே ஒரு கம்பி கட்டி, கன்வர்ட்டர் முன்னால் சரியாமல் நிறுத்துங்கள்.

சாமான் வாங்கும்போது ஏமாறும் இடம் வேறு. இந்த எஞ்சினில் கிராங்க் சென்சார் படிப்பது ஃப்ளெக்ஸ்பிளேட்டின் ஓரத்தில் வெட்டிய பள்ளங்களை: நாலு நாலாக மூன்று கூட்டம். 2.5 லிட்டர் எஞ்சினுடையதில் இரண்டு கூட்டம்தான். "எல்லாம் ஜீப்புதானே" என்று ஸ்க்ராப்யார்டில் எடுத்துக் கொடுத்தால் பழசின் பக்கத்தில் வைத்து எண்ணிப் பாருங்கள். பழைய தகடு வாங்கியே ஆகவேண்டுமென்றால், நடுத்துளைகளைச் சுற்றிப் பாரஃபின் (மண்ணெண்ணெய்) தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பூசி வையுங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் ஈரம் ஊறும். என் பேச்சைக் கேட்டால் புதுசு வாங்குங்கள். இவ்வளவு வேலை செய்து பழைய இரும்பை உள்ளே வைப்பதில் அர்த்தமில்லை. கிராங்க் போல்ட்டும் புதுசாகவே இருக்கட்டும். எந்த முகம் எஞ்சின் பக்கம் என்று பழசைக் கழற்றும்போதே குறித்து வைத்து, ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சில் உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்திலுள்ள அளவுக்கு இறுக்குங்கள். கன்வர்ட்டருக்குப் பழைய நாலு போல்ட்டின் நீளத்தைத் தாண்டக்கூடாது. நீளமான போல்ட்டு கன்வர்ட்டரின் முகத்தை உள்ளே குத்தி லாக்-அப் கிளட்சைக் கெடுத்துவிடும்.

மாட்டும்போது பெட்டியையே கொல்லும் தவறு ஒன்று உண்டு: கன்வர்ட்டர் முழுதாக உட்காராமல் மாட்டுவது. சுமார் ஒரு லிட்டர் எண்ணெயைக் கன்வர்ட்டரில் ஊற்றி, ஷாஃப்ட்டில் ஏற்றி, உள்ளே அழுத்திக்கொண்டே இடமும் வலமுமாகச் சுழற்றுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் என்று மூன்று இடத்தில் அது பொருந்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டக்' விழும். இரண்டோடு நிறுத்தினால் பார்வைக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும். ஹவுசிங்கின் முகத்தில் நேர்க்கோல் வைத்து, கன்வர்ட்டர் காது எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

டோவல் பின் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து, பெட்டியை எஞ்சினோடு சேருங்கள். இரண்டு முகமும் கையாலேயே சேரவேண்டும். இடைவெளி இருந்தால் போல்ட்டைத் திருகி இழுக்காதீர்கள். பம்பின் பல் உடையும், அதன்பிறகு நிஜமாகவே ஓவர்ஹால்தான். ஹவுசிங் போல்ட்டு எல்லாம் இறுகிய பின்பும் கன்வர்ட்டர் கையால் லேசாகச் சுற்றவேண்டும், தகட்டைத் தொடச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுபடவேண்டும். இழுபடவில்லை என்றால் திரும்ப இறக்குங்கள்.

ஏடபிள்யூ4 என்ற மாடலான இந்தக் கியர்பாக்ஸுக்கு டெக்ஸ்ரான் 3 வகை எண்ணெய். ஜீப் என்றாலே கிரைஸ்லர் எண்ணெய் என்று ஊற்றிக் கொடுக்கும் கராஜ்களும் உண்டு, வேண்டாம்.

பணம் கொடுத்தவர்களுக்கு: தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008. அதன் 15-ஆம் பிரிவுப்படி மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் பழுதுபார்ப்புக்குப் பணம் கேட்க முடியாது. மதிப்பீட்டைத் தாண்டினால் மறுபடி சம்மதம் வேண்டும். 57-ஆம் பிரிவு, மாட்டிய சாமானுக்கும் அதை மாட்டிய கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. 67-ஆம் பிரிவுதான் இந்த மாதிரிப் புரட்டுக்கு மருந்து: கழற்றிய பழைய சாமானைத் தனியாக வைத்து உங்களிடம் திருப்பித் தரவேண்டும். ஓவர்ஹால் செய்ததாகச் சொன்னால் தேய்ந்த கிளட்ச் பிளேட்டுகளைக் கேளுங்கள். "குப்பையில் போட்டாச்சு" என்று சொன்னால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

முதலில் கராஜுக்கு எழுத்தில் புகார், பதில் வராவிட்டால் தென்னாப்பிரிக்க மோட்டார் துறை ஒம்பட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் அமைப்பு). 20,000 ராண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றமும் உண்டு, அங்கே வக்கீல் வாதாட அனுமதியில்லை. பில், கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் வைத்திருங்கள். போல்ட்டுத் தலைகளை, சம்ப் ஓரத்தை, விரிசலை எதையும் துடைப்பதற்கு முன்னால் தேதி தெரியப் படமெடுங்கள். பழைய தகட்டைத் தூக்கி எறியாதீர்கள். இனி வண்டி விடுகிறவர்கள் பெல் ஹவுசிங் போல்ட்டு மேலும் பேன் போல்ட்டு மேலும் நகப்பூச்சில் ஒரு கோடு, தலையிலிருந்து உலோகம் வரை இழுத்துவிட்டு, அதையும் படமெடுத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.