புளியங்கொட்டை சொன்ன புள்ளி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊரில் ஒரு நிறுவனம் ஒன்றரை வருடம் சுகாதார வகுப்பு நடத்தியது. போன மாதம் முடித்துக்கொண்டு போகும்போது, 'வகுப்பு இப்போது ஊருடையதா?' என்று அளக்க வந்தார்கள். மாதர் சங்கப் பொருளாளர் என்று என்னையும் கூப்பிட்டார்கள். வகுப்பைப் பற்றி அல்ல, அந்த அளவெடுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பல்நோக்கு மண்டபத் தரையில் பிரிஸ்டல் போர்ட்டை விரித்து, நடுவிலிருந்து ஐந்து கோடு இழுத்தார்கள். தேவையை யார் சொன்னது, தலைமை யார், எந்தச் சங்கங்களோடு சேர்ந்து நடந்தது, வளம் எங்கிருந்து வந்தது, நிர்வாகம் யார் கையில். கோட்டுக்கு 1 முதல் 5 வரை புள்ளி. புள்ளிகளைத் தொடுத்தால் சிலந்தி வலை. சுகாதார ஆய்வாளர் சூசன் ரிஃப்கினும் இன்னும் இருவரும் 1988இல் எழுதிய முறையாம். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து எண்ணுவதைவிட எவ்வளவோ மேல். எங்கள் பதிவேட்டில் பாதிக் கையெழுத்து நுளம்பு வலைக்காக வந்தது.

ஆனால் காசு தருகிறவர்கள் பக்கத்தில் நிற்க, கை உயர்த்தச் சொன்னார்கள். எல்லாக் கோட்டுக்கும் நாலு! பின்வரிசை ஆச்சி ஒருத்தி மட்டும், "சோறு போட்டவன் முன்னுக்கு நிக்கக்குள்ள உப்பில்லை எண்டு சொல்லேலுமா தம்பி?" என்றா.

நடத்திய தம்பி கெட்டிக்காரன். காசு தருகிறவர்களைத் தேத்தண்ணிக்கு அனுப்பிவிட்டு, கோட்டுக்கு ஒன்றாக ஐந்து சிரட்டையைத் துணியால் மூடி வைத்து, ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை தந்தான். சிரட்டைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடலாம். எண்ணி ஆள் கணக்குக்குப் பிரித்தால், தேவைக் கோடு இரண்டுக்கும் கீழே. வராமல் என்ன செய்யும்? பெரும்போக விதைப்புக்கு முன்னம் எலிக்காய்ச்சலைச் சொல்லித் தாங்கோ என்று கேட்டோம். வயல் வட்டைச் சேற்றில் நிற்கிற மனிசருக்கு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிற எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தான டொக்சிசைக்ளினைக் கிழமைக்கு ஒருக்கா ஏன் போட வேண்டும் என்றே விளங்கவில்லை. வந்ததோ டெங்குப் படங்கள்தான். நிர்வாகக் கோட்டுக்குப் புள்ளி ஒன்றுதான்: பிரஷர் மெஷின் இருக்கிற அலுமாரிச் சாவி டவுனில். தலைமை மட்டும் நாலிலேயே நின்றது. அது தாய்மார் ஆதரவுக் குழுப் பிள்ளைகளின் உழைப்பு, சும்மா வந்ததில்லை.

இந்த அளவெடுப்புக்கு நான் ஐந்துக்கு மூன்றரை தருவேன். அந்த அரை, சிரட்டைக்கு. உங்கள் ஊருக்கு இப்படி அளக்க வந்தால், கை உயர்த்த முதல் புளியங்கொட்டை கேளுங்கள்.

போர்ட்டைச் சுருட்டி அவர்களே கொண்டுபோய்விட்டார்கள். எங்களிடம் இருப்பது நான் போனில் எடுத்த படம்தான், அதிலும் ஒரு மூலையில் என் கால்.