அம்மாவின் நாலணா வலி

தை பிறந்து பத்து நாள் இருக்கும். திருச்சியில் இறங்கி வலங்கைமான் போகிற வழியெல்லாம் சம்பா அறுப்பு. மிஷின் அறுத்த வயல்களில் வைக்கோல் உருளை உருளையாகக் கிடந்தது. சிட்னியிலிருந்து இந்தத் தடவை நான் வந்தது அம்மாவின் முதுகுத்தண்டு ஆபரேஷனுக்காக. இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே நரம்பு நெருக்குண்டு, வாசலிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் கால் மரத்து உட்கார்ந்துவிடுவார். "நாத்து நட்ட முதுகுடி, இத்தினி நாள் தாங்குனதே பெருசு" என்பது அவர் சித்தாந்தம்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் மயக்க டாக்டர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். முழு மயக்கம் கொடுத்த பிறகு முதுகில் தனியாக ஒரு பிளாக், அதாவது நரம்பை மரக்க வைக்கிற ஊசி, போடுவேன் என்றார். எரெக்டர் ஸ்பைனே பிளேன் பிளாக் என்று பெயர். 2016-இல்தான் முதன்முதலாக மருத்துவ இதழில் எழுதினார்களாம், அதுவும் நெஞ்சுக்கூட்டு நரம்பு வலிக்காக. பிறகுதான் முதுகு ஆபரேஷனுக்கும் வந்தது. என் வீட்டுக்காரருக்கு சிட்னியில் டிஸ்க் ஆபரேஷன் ஆனபோது பொத்தானை அமுக்கினால் மார்ஃபின் என்கிற வலி மருந்து இறங்கும் பம்ப் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டேன். "மார்ஃபின் கொடுத்தா வாந்தி, மலச்சிக்கல், மூச்சு வேற மந்தமாகும். வயசானவங்க. முடிஞ்ச வரைக்கும் குறைச்சுக்கலாம்மா" என்றார்.

தண்டுவடத்து உறைக்கு வெளியே மருந்து விட்டுக் காலையும் சேர்த்து மரக்க வைக்கிற எபிடூரல் போடலாமே என்றேன், கூகுள் படித்த தைரியத்தில். அதற்கு அவர் சொன்ன பதில் அம்மாவுக்கே புரிந்தது. "தண்டுவடத்துலேர்ந்து நரம்பு வெளிய வந்ததும் ரெண்டாப் பிரியும். முன்னாடி போற பெரிய வாய்க்கால் காலுக்கு. பின்னாடி போற கன்னி வாய்க்கால் முதுகுச் சதைக்கு. நான் கன்னி வாய்க்கால் மடையைத்தான் அடைக்கிறேன். மயக்கம் தெளிஞ்சதும் சர்ஜன் காலை ஆட்டச் சொல்லுவார். ஆடலேன்னா அது மருந்தாலயா, நரம்பு அடிபட்டதாலயான்னு குழப்பம் வரக் கூடாது பாருங்க." அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சிக்கு மேல், சதைக்கு அடியில், பக்கத்துக்கு 20 மில்லி பியூபிவகெய்ன் என்கிற மரப்பு மருந்து.

மறுநாள் மத்தியானம் அம்மா வார்டுக்கு வந்தபோது இரண்டு கால் விரலும் ஆடின. நர்ஸ் வந்து, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டது. அம்மாவுக்குப் பத்துக் கணக்கு பிடிபடவில்லை. "ரூவாய்க்கு நாலணா வலிக்குது தாயி." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு என்றோ மூன்று என்றோ எழுதிக்கொண்டது. சாயங்காலம் இட்லி சாப்பிட்டு, பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் அவர்கள் ஊர் எது, எந்தக் கிளை என்று விசாரணை நடத்துகிற அளவுக்குத் தெளிவு.

ராத்திரி பதினொன்றரைக்குத்தான் சிக்கல். காலையில் ஒன்பதரைக்குப் போட்ட மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டது. நாலணா ஒரு மணி நேரத்தில் பதினாலணா ஆனது. முனகல்கூட இல்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார். டியூட்டி நர்ஸ் சீட்டைப் புரட்டினால், வலி வந்தால் கொடுக்கவும் என்று மட்டும் எழுதியிருக்கிறது. பிளாக் போட்டிருக்கும் விஷயமே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. டியூட்டி டாக்டரை எழுப்பி, அவர் எழுதிக் கொடுத்து, தம்பி கீழே மருந்துக் கடைக்கு ஓடி வாங்கி வர முக்கால் மணி. டிரமடால், அதுவும் மார்ஃபின் வகை வலி மருந்துதான், ஏறியதும் வாந்தி வேறு. எதைத் தவிர்க்கத்தான் அத்தனை பாடுபட்டார்களோ, அதுவே.

முதுகில் போட்ட அந்த பிளாக் ஊசி ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும், சிலருக்குக் கூடவும் நிற்கும். தீரும்போது வலி படிப்படியாக ஏறாமல் மொத்தமாக வந்து விழலாம். அதனால் மரப்பு இருக்கும்போதே, வலிக்காவிட்டாலும், பாராசிட்டமாலை மணி தவறாமல் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும். மறுநாள் காலை மயக்க டாக்டர் வந்து ஆறு மணி நேரத்துக்கொரு தடவை என்று எழுதிவிட்டு, ராத்திரி எழுதாமல் போனது தன் தப்புதான் என்று அம்மாவிடமே சொன்னார். ஊரில் ஒரு டாக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோபம் பாதி அங்கேயே போயிற்று.

மீதி பாதி, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கின காகிதத்தின் மேல். நாலு பக்கமும் இங்கிலீஷ். அம்மா எழுத்துக் கூட்டித் தன் பெயரைத் தமிழில் போட்டார்.

நாலாம் நாள் பில்லில் 'ஸ்கேன்' என்று தனியாக ஒரு தொகை. என்ன ஸ்கேன் என்று தம்பி கேட்க, கவுண்டரில் இருந்த பையன், "வயித்து ஸ்கேனா இருக்கும்ண்ணே" என்றான். அது ஊசி போடப் பார்த்த அல்ட்ராசவுண்டு என்று நான்தான் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. கட்டிவிட்டு வந்தோம். தஞ்சாவூரிலிருந்து வீடு வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவர் வண்டியை நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றினார். பின்சீட்டில் படுத்திருந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் அணாக் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.