5 நாள்ல 20 பேர்: ரிசர்ச் இன்டர்வியூக்கு ஆள் புடிச்சுத் தர்ற ஏஜென்சி, என் ரிவ்யூ

5க்கு 2 ஸ்டார். அந்த ரெண்டும் அவங்க போன்ல மரியாதையா பேசுனதுக்கும், இன்டர்வியூக்கு முந்தின நாள் மறக்காம எல்லாருக்கும் ஞாபகப்படுத்துனதுக்கும்தான். பேரு போடல, இந்த ஃபீல்டுல நிறைய பேரு இப்படித்தான்னு அப்புறம் விசாரிச்சப்ப தெரிஞ்சுது.

எங்களுக்கு வேண்டியது இதுதான். சுகருக்கு மாத்திரை ஆரம்பிச்சு பாதியில விட்டவங்க கூட ஒரு மணி நேரம் உக்காந்து பேசணும், ஏன் விட்டாங்கன்னு கேக்கணும். அதுலயும் தினக்கூலிக்குப் போறவங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க, பொழைக்க வந்த எடத்துல பாஷை சரியா வராதவங்கதான் வேணும்னு தெளிவா எழுதியே குடுத்தோம். அஞ்சே நாள்ல 20 பேர் லிஸ்ட் வந்துருச்சு. அசந்து போயிட்டேன், டீம்ல எல்லாருக்கும் அனுப்பி பெருமை வேற பட்டுக்கிட்டேன்.

மூணாவது இன்டர்வியூலயே சாயம் வெளுத்துருச்சு. நான் கேள்விய முடிக்கறதுக்குள்ள பதில் வருது, "போன மாசம் ஷாம்பு ஸ்டடில கூட இப்படித்தான் கேட்டாங்க மேடம்"னு சிரிக்கிறாரு. இன்னொருத்தர்கிட்ட மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா முழிக்கிறாரு, சுகரே இல்லன்னு நெனைக்கிறேன். எப்படிடா இவங்கள எடுத்தாங்கன்னு பாத்தா, தேர்வு பண்றதே ஒரு ஆன்லைன் ஃபார்ம்ல! ஸ்மார்ட்போன் வேணும், ஈமெயில் வேணும், 30 கேள்விய படிச்சு டிக் பண்ணணும். படிக்கத் தெரியாதவங்க வேணும்னு கேட்டதுக்கு படிச்சு நிரப்புற ஃபார்ம். விளம்பரத்துல பணத்தை மட்டும் பெருசா போட்டிருந்தாங்க, அப்புறம் அதுக்குன்னே சுத்துறவங்க வராம யாரு வருவா?

கேட்டா, "12 பேர் இருந்தாலே போதும், ரிசர்ச்லயே சொல்லியிருக்காங்க"ன்னு சேல்ஸ் ஆள் சொல்றாரு. அவரு சொல்றது 2006ல வந்த பேப்பர். கானாவுலயும் நைஜீரியாவுலயும் பெண்கள்கிட்ட எடுத்த 60 இன்டர்வியூல, முதல் 12லயே பெரும்பாலான விஷயம் வந்துருச்சுன்னு அதுல இருக்கு, உண்மைதான். ஆனா அவங்க ஓரளவு ஒரே மாதிரி நிலைமைல இருந்தவங்க, கேள்வியும் எல்லாருக்கும் ஒண்ணு. தப்பான ஆளுங்க 12 பேர் இல்ல 120 பேர் வந்தாலும் என்ன ஆகப் போகுது.

அப்புறம் நாங்களே எறங்கினோம். வீடு வீடா போற ஒரு ஹெல்த் ஒர்க்கர் அக்கா, கட்டட வேலை செய்ற ஒரு அண்ணன், இவங்க ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுத்து கூட வெச்சுக்கிட்டோம் (ஓசில கேக்காதீங்க, அவங்க பல வருஷமா சம்பாதிச்ச நம்பிக்கையத்தான் நாம கடன் வாங்குறோம்). பேச வந்தவங்களும் தெரிஞ்சவங்கள கூட்டிட்டு வரலாம், ஆனா ஒருத்தர் ரெண்டு பேருக்கு மேல கூட்டிட்டு வரக்கூடாதுன்னு ரூல் வெச்சோம், இல்லன்னா எல்லாரும் ஒரே சொந்தக்காரங்களா வந்து நிப்பாங்க. வேலை விட்டு வந்தப்புறம் ராத்திரிலதான் இன்டர்வியூ, கொழந்தைய கூட்டிட்டு வரலாம், போக்குவரத்து செலவு அப்பவே கைல. கன்சென்ட் ஃபார்ம (பேச சம்மதம்னு எழுதி வாங்குற தாள்) அவங்க பாஷையில வாய்விட்டுப் படிச்சு சொன்னோம்.

அப்படிப் படிக்கும்போது ஒரு அம்மா கேட்டாங்க: "இதுல கைநாட்டு வெச்சா ஆஸ்பத்திரில என் பேர எடுத்துருவாங்களா?" ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சே வரல. வேணாம்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒண்ணும் மாறாதுன்னு அந்த ஃபார்ம்ல எழுதித்தான் இருக்கு, ஆனா ஏழாவது பாராவுல. அந்த அம்மா பயப்படுறதுல தப்பே இல்ல. அமெரிக்காவுல டஸ்கிகீங்கற எடத்துல 1932லேர்ந்து 1972 வரைக்கும் ஏறக்குறைய 600 கருப்பின ஆண்கள வெச்சு சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய் பத்தி ஸ்டடி நடத்துனாங்க, நோய் இருந்தவங்ககிட்ட அது என்ன நோய்னு சொல்லல, அதைக் குணப்படுத்துற பென்சிலின் வந்தப்புறமும் அவங்களுக்குக் குடுக்கல. ரிசர்ச்னு சொல்லிக்கிட்டு வர்றவங்கள எதுக்கு நம்பணும்? அன்னிக்கு ராத்திரியே அந்த வரிய முதல் பாராவுக்கு மாத்துனேன். அந்த அம்மா நாலு நாள் யோசிச்சுட்டு வந்து ஒண்ணேமுக்கால் மணி நேரம் பேசுனாங்க, எங்க மொத்த ஸ்டடிலயே பெஸ்ட் இன்டர்வியூ அதான்.

ஆறு வாரத்துல 14 பேர்தான் கெடைச்சாங்க. ஏஜென்சி குடுத்த 20ல கடைசில நாங்க வெச்சுக்கிட்டது 4.

ஷாம்பு, செல்போன் மாதிரி ஸ்டடின்னா இவங்கள தாராளமா கூப்பிடுங்க. ஹெல்த் ஸ்டடின்னா, பணம் கட்டறதுக்கு முன்னாடி அவங்க ஆன்லைன் ஃபார்ம நீங்களே ஒருதடவ நிரப்பிப் பாருங்க, போன்லயோ நேர்லயோ கேட்டு ஆள் எடுப்பீங்களான்னு கேளுங்க. சுகரே இல்லாதவருக்கு ரீஃபண்ட் தர்றேன்னாங்க, இன்னும் வரல. வந்தா அப்டேட் போடுறேன்.