பைத்தானில் காத்திருக்காத இன்புட்: பல வருடம் புழங்கியவனின் புலம்பல்

நண்பர் ஒருவர் கேட்டார்: "லூப் ஓடிக்கிட்டே இருக்கணும், நடுவுல க்யூ அழுத்தினா நிக்கணும். பைத்தான்ல எப்படி?" இதற்கு ஒரு வரியில் பதில் இருந்திருக்க வேண்டும். இல்லை என்பதுதான் இத்தனை வருடமாக எனக்கிருக்கும் எரிச்சல், அதை இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். லினக்ஸில் கீபோர்டு மட்டும் போதும் என்றால் வேலை சுலபம். என்டர் தட்டும்வரை டெர்மினல் ஒரு எழுத்தைக்கூட ப்ரோகிராமுக்குத் தராது. டெர்மினலைக் கையாளும் டிடிஒய் மாட்யூலின் செட்சிபிரேக் ஃபங்ஷன் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும், ப்ரோகிராமை நிறுத்தும் கன்ட்ரோல் சி-யும் பழையபடி வேலை செய்யும் (அதே மாட்யூலின் செட்ரா போட்டால் அதுவும் போய்விடும்). அப்புறம் படிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் செலக்டுக்கு டைம்அவுட் 0 கொடுத்து (காத்திருக்காதே என்று அர்த்தம்), ஏதாவது வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கொண்டால் போதும். வெளியே போகும்போது பழைய செட்டிங்கை ஃபைனலியில் (எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) திருப்பிப் போட வேண்டும், இல்லையென்றால் ஷெல்லில் நாம் அடிப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது, தெரியாமலே டெர்மினலைச் சரிசெய்யும் 'எஸ்டிடிஒய் சேன்' கட்டளையை அடித்துத்தான் மீள வேண்டும். 3.12-லிருந்து செட்சிபிரேக்கே பழைய செட்டிங்கைக் கையில் கொடுத்துவிடுகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் ரொம்பப் பிடித்திருந்தது.

இனி வயிற்றெரிச்சல். இன்னொரு ப்ரோகிராம் பைப் (அதன் அவுட்புட்டை நம் இன்புட்டோடு இணைக்கும் குழாய்) வழியாக வரி வரியாக அனுப்புகிறது என்று வையுங்கள். செலக்ட் "இருக்கிறது" என்றதும் ஒரு வரி படிக்க ரீட்லைன் கூப்பிடுகிறோம், யாரும் இப்படித்தான் எழுதுவார்கள். இரண்டு வரி சேர்ந்து வந்துவிட்டால், ரீட்லைன் இரண்டையும் கெர்னலிலிருந்து (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) உறிஞ்சித் தன் பஃபரில், அதாவது தற்காலிகக் கிடங்கில், வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் நமக்குத் தரும். அடுத்த சுற்றில் செலக்ட் போய்க் கேட்பதோ கெர்னலிடம், அங்கே ஒன்றுமில்லை, "இல்லை" என்று வந்துவிடும். இரண்டாவது வரி பைத்தானுக்குள்ளேயே கிடக்கும், மூன்றாவது வந்தால்தான் வெளியே வரும். எர்ரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது, வரிகள் சேர்ந்து வரும்போதெல்லாம் இப்படிக் கடைசி வரி தேங்கி, திரை பின்தங்கி நிற்கும். டேட்டா மெதுவாக வரும்போது சோதித்தால் இது தெரியவே தெரியாது.

கீபோர்டிலும் இதே கூத்துதான். மேல் அம்பு விசை 3 பைட் அனுப்பும், முதலாவது எஸ்கேப். ஒரே ஒரு எழுத்து படி என்று ஸ்டாண்டர்ட் இன்புட்டிடம் சொன்னால் மூன்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு எஸ்கேப்பை மட்டும் நீட்டும், செலக்ட் வேறு எதுவுமில்லை என்று சாதிக்கும், யாரோ எஸ்கேப் அழுத்தியதாக நம் ப்ரோகிராம் நினைத்துக்கொள்ளும். அந்த பஃபர் பக்கமே போகாமல் ஓஎஸ் மாட்யூலின் ரீட்டால் பைட்டாக எடுத்து நாமே வரி பிரிப்பதுதான் வழி. சரி, செய்யலாம். ஆனால் இவ்வளவு வசதியான மொழியில் இதை நான் ஏன் செய்ய வேண்டும்?

மற்ற வழிகளும் பெரிய வாழ்வு இல்லை. இன்புட்டுக்கு நான்பிளாக்கிங் கொடியைப் போட்டால் (டேட்டா இல்லையென்றால் காத்திருக்காமல் உடனே திரும்பு என்று சொல்வது), டெர்மினலில் இன்புட்டும் அவுட்புட்டும் பெரும்பாலும் ஒரே திறப்பைப் பகிர்வதால் பிரிண்ட்டும் சேர்ந்து நான்பிளாக்கிங் ஆகிவிடும், நிறைய எழுதும்போது பிளாக்கிங்ஐஓஎர்ரர் வந்து விழும். டீமன் த்ரெட்டில் (பின்னணியில் தனியாக ஓடி, ப்ரோகிராம் முடிந்தால் கூடவே சாகும் இழை) படிக்கவிட்டால், ப்ரோகிராம் முடியும் நேரத்தில் பஃபரின் பூட்டு (லாக்) கிடைக்கவில்லை என்று ஃபேட்டல் எர்ரரோடு சாகலாம். விண்டோஸில் செலக்ட் சாக்கெட்டைத் (நெட்வொர்க் இணைப்பு) தவிர எதையும் தொடாது, அங்கே விசை அழுத்தப்பட்டதா என்று கேட்க எம்எஸ்விசிஆர்டி மாட்யூலின் கேபிஹிட் என்று தனிக் கதை.

டிசிஎல் என்ற பழைய ஸ்கிரிப்ட் மொழியைப் பார்த்தால்தான் வயிறு இன்னும் எரிகிறது. பிளாக்கிங்கை 0 ஆக்கிவிட்டு ஃபைல்ஈவென்ட் (டேட்டா வந்தால் இதை ஓட்டு என்று சொல்லும் கட்டளை) ஒன்று எழுதினால் முடிந்தது, தன் பஃபரில் மீதி கிடக்கிறதா என்பதையும் அதுவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்த மொழியைப் பழசு என்று சிரிக்கிறோம்.

அதனால் நண்பரே, இந்த வேலைக்குப் பைத்தானைப் பரிந்துரைக்க எனக்கு மனசே வரவில்லை. உங்களுக்கு க்யூ மட்டும்தானே வேண்டும், செட்சிபிரேக், செலக்ட், ஓஎஸ் ரீட், இந்த வரிசையில் எழுதுங்கள், நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் என்றால் மட்டும் என்னிடம் வராதீர்கள்.