கத்திரி வெயிலா, தாடை எலும்பா: வேலூர்க்காரருக்கு எந்த ஹெல்மெட்?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு வாசல் சுவரில் வரிசையாக நான்கு ஆணிகள். போன வாரம் வரை நான்கிலும் நான்கு விதமான ஹெல்மெட். என்னுடையது முகம் முழுக்க மூடும் ஃபுல் ஃபேஸ். தம்பியுடையது தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடக்கூடிய ஃபிளிப் அப். மனைவியுடையது முகம் திறந்து, முன்னால் கண்ணாடி மட்டும் இறங்கும் ஓப்பன் ஃபேஸ். கடையில் ஹாஃப் ஃபேஸ் என்று கேட்டாலும் பெரும்பாலும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். நான்காவது அப்பாவுடையது. காதுக்கு மேலேயே நின்றுவிடுகிற ஒரு தொப்பி. அதை ஹெல்மெட் என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் முதலில் அந்தக் கதையை முடித்துவிடலாம்.

சாலையோரக் கடையில் 250 ரூபாய் கொடுத்து வாங்கினார். உள்ளே கைவிட்டால் ஒரு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். ஹெல்மெட்டில் பாதி வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு இல்லை, உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மோகோல். தலை மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்கும் அந்த நொடியில்தான் அடியின் வேகம் குறைகிறது. ஸ்பாஞ்ச் கை வைத்தாலே அமுங்கிவிடும், மோதும்போது அங்கே மிச்சம் எதுவும் இருக்காது. "இன்னாடா, போலீஸ் கேட்டா தலையில இருக்குது இல்ல?" என்பார் அப்பா. அதுவும் செல்லாது. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தவறு. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற ஹெல்மெட்டுக்கான தர எண்ணும், கீழே தயாரிப்பாளரின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அப்பாவின் தொப்பியில் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் இருக்கிறது. எண்தான் இல்லை!

இனி உண்மையான போட்டி. ஃபுல் ஃபேஸா, ஓப்பன் ஃபேஸா, ஃபிளிப் அப்பா?

எனக்கு வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். தினமும் நெடுஞ்சாலையில்தான் போக்குவரத்து. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலை, மேல்விஷாரம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் திரும்பினேன். நாய் ஒன்று குறுக்கே வந்தது. பெரிய வேகமெல்லாம் இல்லை, நாற்பதுக்குள்தான் இருக்கும். விழுந்த விதம் எனக்கு இன்னமும் சரியாக நினைவில்லை. முழங்கை சிராய்த்தது, பேன்ட் கிழிந்தது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. இடது பக்கத் தாடைப் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய், ஓடு தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அந்த இடத்தில் ஓடு இல்லாவிட்டால் தேய்ந்திருக்கப்போவது என் பல்வரிசை.

உச்சந்தலையில்தான் அடிபடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜெர்மனியில் ஹனோவரில் விபத்துகளை ஆராய்ந்த டீட்மர் ஓட்டே, ஹெல்மெட்டில் எந்தெந்த இடத்தில் அடி விழுகிறது என்று கணக்கெடுத்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருந்தது. உச்சியில் விழுந்தது மிகக் குறைவு. ஓப்பன் ஃபேஸ் அந்த மூன்றில் ஒரு பங்கை அப்படியே திறந்து விட்டுவிடுகிறது. முன்னால் இருக்கும் கண்ணாடி தூசிக்கும் பூச்சிக்கும் சரி, தார் ரோட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் ஊரில் பாதிப் பேர் ஓப்பன் ஃபேஸ் போடுகிறார்கள்? ஒரே வார்த்தை: வெயில். வேலூரை வெயிலூர் என்று நாமே கிண்டல் செய்துகொள்கிறோம். சுற்றிலும் பாறைக் குன்றுகள், நடுவில் மணல் மட்டும் ஓடும் பாலாறு. கத்திரி சமயத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் செய்தியே இல்லை. அந்தச் சூட்டில் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டுவதா?

நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன், அதனால் சொல்கிறேன். வெயில் வாதம் நிற்கிற வண்டிக்குப் பொருந்தும். கிரீன் சர்க்கிளில் மதியம் ஒரு மணிக்கு சிக்னலில் மாட்டிக்கொண்டால் ஃபுல் ஃபேஸுக்குள் முகம் வெந்துவிடும். காற்றோட்டத் துளைகள் வண்டி ஓடினால்தான் வேலை செய்யும், நின்றால் அவை வெறும் துளைகள். அங்கே ஓப்பன் ஃபேஸ் கெலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே மதியம் நெடுஞ்சாலையில் அறுபதில் போய்ப் பாருங்கள். காற்றே உடம்புச் சூட்டைவிட அதிகச் சூட்டில் வருகிறது. திறந்த முகத்தில் அது அடுப்பு வாயில் நிற்பதுபோல அடிக்கிறது. உதடு வெடிக்கும், கண் காய்ந்து எரியும், மணல் லாரிக்குப் பின்னால் மாட்டினால் கேட்கவே வேண்டாம். கண்ணாடியை இறக்கிய ஃபுல் ஃபேஸுக்குள் அனல் நேராக அடிப்பதில்லை. தாடைத் துளை வழியாகக் கொஞ்சம் காற்று வந்து வியர்வையை உலர்த்துகிறது. வெயிலுக்காக ஃபுல் ஃபேஸ் வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள்.

சூட்டில் ஒரு பங்கு நிறத்தால் வருவது. நான் முதலில் வாங்கியது மேட் கறுப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மே மாதம் கம்பெனி ஷெட்டுக்கு வெளியே டேங்க் மேல் வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் தொட முடியாது. வெள்ளையோ இளஞ்சாம்பலோ வாங்கியிருந்தால் பாதிப் புலம்பல் மிச்சம். உள்ளே மெல்லிய பருத்தித் துணித் தொப்பி ஒன்று போட்டுக்கொள்கிறேன். வியர்வையை அது குடித்துக்கொள்ளும், தினமும் அலசிக் காயப்போடலாம். உள் மெத்தையைக் கழற்றித் துவைக்க முடிகிற மாதிரி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நம் ஊருக்கு அது சொகுசு இல்லை, கட்டாயம்.

இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பது தம்பியின் ஃபிளிப் அப். காட்பாடியிலிருந்து சித்தூர் வரை போய்வரும் விற்பனை வேலை அவனுக்கு. பெட்ரோல் பங்கில், டீக்கடையில், தாடையை மட்டும் தூக்கிவிட்டுப் பேசலாம். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். கண்ணாடியைக் கழற்றாமலே மாட்டலாம். "உன்னுதும் அண்ணியுதும் சேர்ந்ததுதாண்ணா இது" என்று பெருமையாகச் சொன்னான். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது 1.3 கிலோ, அவனுடையது 1.65, மனைவியுடையது 1 கிலோவுக்குச் சற்று மேல். 350 கிராம் என்பது கையில் ஒன்றுமில்லை. சித்தூர் போய்த் திரும்பும்போது கழுத்தில் தெரியும் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். கீல் இருக்கும் இடத்தில் காற்று விசிலடிக்கும் இரைச்சல் வேறு.

எனக்கு அதில் இருக்கும் குறை எடை இல்லை. அவன் ஓட்டும் விதம். விருதம்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறும்போது பின்னாலிருந்து பார்த்தேன்: தாடை மேலேதான் நிற்கிறது. தூக்க முடிகிற எதையும் வெயிலில் மனிதன் தூக்கித்தான் வைப்பான். தூக்கிய நிலையில் அது எடை கூடிய ஓப்பன் ஃபேஸ்தான். ஐரோப்பிய இ.சி.இ. தரச்சான்று பெற்ற சில ஃபிளிப் அப்களின் வாரில் பி/ஜே என்று அச்சிட்டிருக்கும். மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் சோதித்துத் தேறியது என்று பொருள். திறந்து ஓட்டினாலும் தலைக்கான பாதுகாப்பு கெடாது என்பதற்குத்தான் அந்த ஜே. தாடைக்கு அது எதையும் தருவதில்லை. வாங்குவதாக இருந்தால் தாடையைப் பூட்டும் கொக்கி உலோகமா பிளாஸ்டிக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

மனைவிக்கு ஓப்பன் ஃபேஸ் சரியா என்று வீட்டில் பல நாள் விவாதம். அவள் ஓட்டுவது ஸ்கூட்டர், தோட்டப்பாளையம் வரை, அதுவும் சந்துகள் வழியாக. முப்பதைத் தாண்டுவது அபூர்வம். ஃபுல் ஃபேஸ் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று நாளைக்கு அதைச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஓட்டினால்? அந்தப் பயத்தில்தான் ஒத்துக்கொண்டேன். ஹெல்மெட் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2008இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, ஹெல்மெட் அணிவது இறப்பு வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறது. எந்த வகை எதைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. அதாவது, தலையில் இருக்கும் ஓப்பன் ஃபேஸ், சீட்டுக்கு அடியில் இருக்கும் ஃபுல் ஃபேஸைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அவள் என் பின்னால் உட்கார்ந்து ஆம்பூருக்கு வரும் நாளில் என் பழைய சண்டையைத் தொடங்கிவிடுவேன். பின்னால் உட்காருபவர் விழுந்தாலும் அதே தார் ரோடுதான். பூ ஒரு பிரச்சினை, அது உண்மை. மல்லிகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, இறங்கியபின் வைத்துக்கொள்கிறாள். உயரக் கொண்டை போட்டால் எந்த ஹெல்மெட்டும் சரியாக உட்காராது. பின்னலைத் தாழ்த்திக் கட்ட வேண்டும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பையன்கள் போடும், முன்னால் நீண்ட மூக்கு வைத்த மோட்டோகிராஸ் ஹெல்மெட் பற்றி ஒரு வரி போதும். நெடுஞ்சாலைக் காற்றில் அந்த மூக்கு தலையைப் பின்னால் இழுக்கும். மண் பாதைக்குச் செய்ததை மண் பாதையில் போடலாம்.

வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அளவில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். புதிதாக மாட்டும்போது கன்னம் இரண்டும் அமுங்கி, பேசும்போது கன்னத்தைக் கடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நெற்றியில் மட்டும் குத்தினால் அந்த வடிவம் உங்களுக்கு இல்லை. வாரைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் கைவைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும் வேண்டாம். கடைக்காரர் "போடப் போட சரியாயிடும் சார்" என்பார். இறுக்கமாக இருப்பதற்குத்தான் அது பொருந்தும். தளர்வாக இருப்பது இன்னும் தளரும்.

வாரைப் பூட்டாமல் ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு ஹெல்மெட்டை வாரால் இறுக்கிக் கட்டியிருப்பதையும் சேர்த்துத்தான் ஹெல்மெட் அணிவது என்கிறது. மீறினால் 1000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்துக்கும் இடமுண்டு. தினமும் நான் போகும் சாலையோரத்தில், கன்னிகாபுரத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகம் இருக்கிறது. நாட்டின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது இதே சி.எம்.சி.யில்தான். தலையில் அடிபட்டால் நல்ல டாக்டர் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் தெர்மோகோல் நசுங்கியது நசுங்கியதுதான், வெளியே தெரியாது. மேல்விஷாரத்துக்குப் பிறகு என்னுடையதை மாற்றிவிட்டேன். வண்டிக் கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்து மாட்டி வைப்பதும் தெர்மோகோலைக் குழியாக்கும். அதற்குத்தான் வீட்டில் ஆணிகள், அதுவும் வாரில் தொங்குகிற மாதிரி.

போன ஞாயிறு அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். ஃபுல் ஃபேஸை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தவர், "விண்வெளிக்கா போறேன்?" என்று கழற்றிவிட்டார். ஃபிளிப் அப் கனம் என்றார். கடைசியில் காதையும் பின்கழுத்தையும் மூடுகிற வெள்ளை ஓப்பன் ஃபேஸ் ஒன்று, ஐ.எஸ்.ஐ. எண்ணோடு, 1100 ரூபாய். 250 ரூபாய்த் தொப்பியைக் கடையிலேயே விட்டுவிடலாம் என்றேன். மாட்டேன் என்று கையோடு எடுத்து வந்துவிட்டார். இப்போது அதில் வீட்டுப் பின்பக்கம் கோழிக்குத் தீவனம் வைக்கிறார்.