2 டிபி என்று விற்றது 64 ஜிபி: காரைக்குடியில் போன 2,800 ரூபாய்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் செல்போன் கவர், சார்ஜர் விற்கும் ஒரு கடையில் 2,800 ரூபாய்க்கு வாங்கிய ‘2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி’ (கோப்புகளைச் சேமிக்க வெளியே செருகும் டிஸ்க்) அப்பட்டமான போலி.

ஏற்றியது கேசட்டிலிருந்தும் சிடியிலிருந்தும் மாற்றிய தொகுப்பு: ஆச்சிமார் பாடிய தாலாட்டு, பழனி பாதயாத்திரைப் பாட்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரம். எல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலிக்கோப்பு வகை), ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 350 எம்பி, மொத்தம் 180 ஜிபி. லேப்டாப்பில் இடம் காலியாக வேண்டும் என்றுதானே இதை வாங்குவதே.

கடைக்காரர் தானே கம்ப்யூட்டரில் செருகிக் காட்டினார். 1.81 டிபி. அசல் 2 டிபியும் விண்டோஸில் அப்படித்தான் காட்டும். அந்தக் குறைவு வரைக்கும் சரியாகப் பொருத்தியிருக்கிறார்கள் பாவிகள். ஒரு பாட்டை ஏற்றி ஓடவும் விட்டார். “ஆயுசுக்கும் போதும்ணே.”

180 ஜிபியும் ஒரு பிழைச் செய்தி இல்லாமல் ஏறியது. பெயர், அளவு எல்லாம் சரி. முதல் 58 ஜிபிதான் பாடுகிறது, மிச்சம் வெறும் பூஜ்யங்கள். உள்ளே சேமிப்பை நிர்வகிக்கும் சிப்பான கன்ட்ரோலரின் மென்பொருளை மாற்றி 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். கோப்புப் பட்டியல் சேமிப்புச் சிப்பின் தொடக்கத்தில் இருப்பதால் பெயர்கள் தப்பிக்கும், சரக்கு மட்டும் காணாமல் போகும். சில போலிகள் இடம் தீர்ந்ததும் தொடக்கத்துக்கே சுற்றி வந்து பழைய பாட்டுகள் மேலேயே எழுதும், அது இன்னும் மோசம். மூடியைத் திறந்தால் பசை போட்டு ஒட்டிய 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று. இதற்கா 2,800?

கடையில் முதல் பதில், “உங்க லேப்டாப்ல வைரஸ்.” அடுத்து, “ஃபார்மட் அடிச்சுப் பாருங்க.” அடித்தால் இருக்கிற ஆதாரமும் போகும். பிறகு “டேட்டாவுக்கு கியாரண்டி கிடையாது”, “முதலாளி குன்றக்குடி போயிருக்காரு, நாளைக்கு வாங்கண்ணே”. அந்த நாளை வரவே இல்லை, 2,800-உம் வரவில்லை.

வாங்குகிறவர்களுக்கு: அசல் 2 டிபி எஸ்எஸ்டி பத்தாயிரத்தைத் தாண்டும். டிஸ்க்கின் உண்மையான அளவைச் சோதிக்க விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற மென்பொருள்கள் உண்டு, இரண்டும் இலவசம். பாட்டு ஏற்றும் முன் காலி டிஸ்க்கில் முழு அளவுக்கும் ஓட்டுங்கள், நாள் முழுக்க ஆனாலும் சரி. ஏற்றிய பின் பிடுங்கி, மறுபடி செருகி, ஃபிளாக் கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ‘ஃபிளாக் -டி’ கட்டளையைப் போடுங்கள். பிடுங்காமல் பார்த்தால் கணினி தன் ரேமில் இருப்பதையே படித்து எல்லாம் சரி என்றுவிடும். அதுவரை மூலத்தை அழிக்காதீர்கள். ஓபஸ் என்ற சிறிய ஒலிக்கோப்பு வகையில், 128 கேபிபிஎஸ் தரத்தில், ஒரு நகல் போனிலாவது இருக்கட்டும், இத்தனையும் 30 ஜிபிக்குள் அடங்கும்.

ஜிஎஸ்டி பில் கேட்டால் “500 கூட ஆகும்” என்பார்கள். கொடுத்து வாங்குங்கள். துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுவது பெரும்பாடு. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, மனு தயாராகிறது.